மாணவன் கைக்கு வந்த புரூஃப்

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் அவர் பேச்சு. கேட்க வந்திருந்த மாணவர்களில் ஒருவர் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதுதான் இருக்கும். அணு அமைப்பைப் பற்றி சோமர்ஃபெல்ட் எழுதிய நூலை யாரும் சொல்லித்தராமலே கரைத்துக் குடித்திருந்தவர் அவர். மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் நின்றார்.

அங்கே அவருக்குக் காத்திருந்தது அதிர்ச்சி. ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் பாலியும் வந்து குவாண்டம் இயற்பியலையே புரட்டிப் போட்டுவிட்டார்கள், நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று நூலை எழுதியவரே சொல்லிவிட்டார். ராத்திரி பகலாகக் கற்றது ஒரே பேச்சில் காலாவதி. ஆனால் சோமர்ஃபெல்ட் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் குறித்துத் தாம் எழுதிய, இன்னும் வெளிவராத ஒரு கட்டுரையின் புரூஃப் தாள்களை அந்த மாணவரிடம் கொடுத்தார்.

அந்த மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் இந்தக் கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கோ நோபலைவிட அந்தப் புரூஃப் தாள்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவர், இளங்கலை மாணவனை நம்பி, இன்னும் அச்சேறாத ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். ‘நன்றாகப் படி, பெரிய ஆளாக வருவாய்’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அந்தத் தாள்களில் இருந்தது, எலெக்ட்ரான்களின் கூட்டு நடத்தையைக் கணக்கிடும் ஃபெர்மி–டிராக் புள்ளியியல். கண்டறியப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த விஷயம். எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்க வழியில்லை. சந்திரசேகர் அதைக் கற்றுக்கொண்டு, எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறும் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்திப் பார்த்துச் சில மாதங்களில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். எங்கே அனுப்புவது? இதே புள்ளியியலை, எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களுக்குப் பயன்படுத்திக் கேம்பிரிட்ஜின் ஆர். எச். ஃபௌலர் எழுதியிருந்த கட்டுரையை அவர் படித்திருந்தார். ஃபௌலருக்கே தபாலில் அனுப்பினார். முன்பின் தெரியாத மாணவனின் கட்டுரையை ஃபௌலர் ஒதுக்கித் தள்ளவில்லை. திருத்தங்கள் சொல்லி ராயல் சொசைட்டியில் சேர்ப்பித்தார். 1929-இல் அதன் இதழில் அது வெளிவந்தபோது சந்திரசேகர் இன்னும் ஆனர்ஸ் பட்டம் வாங்கியிருக்கவில்லை.

1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அவர் போட்ட கணக்கு ஃபௌலரின் அந்த விண்மீன் கட்டுரையில் பிடித்த நூல்தான். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் ஒரு விண்மீன் வெண்குறு விண்மீனாக அடங்க முடியாது என்ற முடிவு அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது. இன்று அதைச் சந்திரசேகர் எல்லை என்கிறோம். சென்னையில் வாங்கிய புரூஃபின் நீட்சி அது.

வீட்டையும் சொல்ல வேண்டும். ரயில்வே கணக்குத் துறையில் உயர்பதவியில் இருந்த அப்பா, மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று விரும்பினார். மகன் பக்கம் நின்றது அம்மா சீதாலட்சுமி. இப்சனின் ‘எ டால்ஸ் ஹவுஸ்’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகனுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

சந்திரசேகர் படித்த அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தபின் சாதாரணப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள், ஆனர்ஸுக்கு மூன்று ஆண்டுகள். ஒரு துறையில் ஆழமாக இறங்குவதற்கான படிப்பு அது. இன்று தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் பல மாநிலங்களுக்கு வந்திருக்கிறது; தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பின்படி நான்காம் ஆண்டில் ஆய்வுக்கென்று 12 கிரெடிட். ஆனால் முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கு மட்டுமே ஆய்வுப் பிரிவு.

இந்த 75 என்ற வேலிதான் என்னை உறுத்துகிறது. 1980-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த இளங்கலை மாணவி மாயா லின், நினைவுச்சின்னங்கள் பற்றிய வகுப்புக்காக ஒரு வடிவம் செய்தார். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு வாஷிங்டனில் அமையவிருந்த சின்னத்துக்கான வடிவம். தரையை வெட்டித் திறந்ததுபோல இரண்டு கருங்கல் சுவர்கள். அவற்றில் இறந்தவர்களின் பெயர்கள், இறந்த நாள் வரிசையில். விடுதிச் சாப்பாட்டு அறையில் மசித்த உருளைக்கிழங்கில் மாதிரி செய்து பார்த்தாராம். வகுப்பில் அதற்குக் கிடைத்தது பி கிரேடு. பெயரை மறைத்து எண் மட்டும் இட்டு நடந்த தேசியப் போட்டிக்கும் அதை அனுப்பினார். வந்தவை 1,421 வடிவங்கள். அவருடைய எண் 1026. 1981-இல் நடுவர்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டே சுவர் எழுந்தது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இன்று அதில் இருக்கின்றன. மதிப்பெண்ணை வைத்து வாசலில் வடிகட்டியிருந்தால் இந்தச் சுவர் எங்கே நின்றிருக்கும்?

நம் ஊருக்கு வருவோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் நம் பொறியியல் கல்லூரிகளில் எல்லாருக்கும் உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. கூடவே ‘ப்ராஜெக்ட் சென்டர்’ என்ற பலகைகளும் நகரமெங்கும் தொங்குகின்றன. பணம் கட்டினால் தலைப்பு, கோடிங், ரிப்போர்ட், வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சி வரை கிடைக்கும். பொன்னெழுத்துப் பைண்டிங்கோடு பிரதிகள் துறையின் அலமாரியில் ஏறுகின்றன. அதன்பின் யாரும் திறப்பதில்லை. மாணவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் ஒரு கைடின் தலையில் எத்தனை அணிகளைக் கட்டுகிறோம்? வைவா நாளில் எக்ஸ்டர்னல் ஒவ்வோர் அணிக்கும் எத்தனை நிமிடம் கொடுக்கிறார்?

அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியிலும் எக்ஸ்டர்னல் உண்டு. 1922-இல் ஃபிராங்க் ஐட்லாட் அங்கே தொடங்கிய ஆனர்ஸ் முறையில், மாணவரைச் சோதிப்பவர் வெளிக் கல்லூரிக்காரர். அவர் எதிரே நின்று வாதாட வேண்டும் என்பதால் ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியில் சேர்ந்துவிடுகிறார்கள். எம்.ஐ.டி.யில் 1969-இல் மார்கரெட் மெக்விகர் உருவாக்கிய திட்டம், இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியில் மாணவரும் பங்காளி ஆகிறார். விடை முன்கூட்டியே தெரிந்த தலைப்பைத்தான் கடையில் விற்க முடியும். யாருக்குமே விடை தெரியாத கேள்வியை எந்தக் கடைக்காரர் செய்து தருவார்?

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஊர் ஏரியின் தண்ணீர், தெருக்கூத்துக் கலைஞரின் நினைவில் மட்டும் இருக்கும் பாட்டு, கல்லூரி வளாகத்து மரங்களில் கூடும் பறவைகள் என்று கேள்விகள் வாசலிலேயே கிடக்கின்றன. ஒரு மாணவர், ஒரு கேள்வி, வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியர். அவ்வளவு போதும்.

கல்லூரிக்கு வெளியிலும் வழி உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. நாட்டின் ஆய்வு நிலையங்களில் விஞ்ஞானிகளோடு இரண்டு மாதம் வேலை செய்ய இளங்கலை மாணவர்களுக்கும் அதில் வாய்ப்பு உண்டு. விண்ணப்பத்தோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கல்லூரி ஆசிரியர்களே, இந்த ஆண்டு உங்கள் மாணவர் ஒருவருக்காவது அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள்.