பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் வாக்மேன் என்ற கையடக்கக் கேசட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணியும். உள்ளே இருந்த மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிடா. சோதனைக் கருவியை வீட்டில் மாட்டிக்கொண்டு கேட்டபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு எரிச்சல் வந்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டது. வாங்கியவர்களோ ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் இல்லை.

இன்று நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு பாட்டு ஓடுகிறது. கூடத்தில் சத்தமே இல்லை. இதில் நாம் இழந்தது ஏதாவது உண்டா? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அளக்க உதவுவது புல்லரிப்பு. பிடித்த பாட்டின் ஏதோ ஓர் இடத்தில் கையில் மயிர் சிலிர்க்கிறதே, அது இதயத்துடிப்பிலும் தோலின் மின்கடத்தலிலும் தெரியும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் ஸட்டோரே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, ருசியான சாப்பாடு தரும் இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளே அந்த நேரத்தில் தூண்டப்படுவதைக் காட்டியது. 2011-இல் ஸட்டோரேயும் வலரி சலிம்பூரும் இன்னும் நுட்பமாகப் போனார்கள். புல்லரிக்கும் கணத்தில் மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அதற்குச் சில நொடிகள் முன்பே, இதோ அந்த இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, பக்கத்துப் பகுதி ஒன்றில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நூறு முறை கேட்ட பாட்டும் அலுக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஸ்கேன் கருவிக்குள் தனியாகப் படுத்துக் கேட்டவர்கள். கூட ஆள் இருந்தால்? ஜெர்மனியின் ஹவுக்கே எகர்மன் குழு, ஒரே அமெச்சூர் இசைக்குழுவில் வாசிக்கும் 14 பேரை அழைத்தது. ஒருமுறை தனியாகவும், இன்னொருமுறை எல்லாரும் கூடி உட்கார்ந்தும் அவர்கள் இசையைக் கேட்டார்கள். அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தனியாகக் கேட்டபோதுதான் புல்லரிப்பு அதிகம். கூட்டத்தில் கவனம் சிதறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மொரிடா தோற்றார் என்று இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஸ்வீடனிலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு முடிவு வந்தது. சிமோன் லில்யெஸ்ட்ரோம், பாட்ரிக் யூஸ்லின் ஆகியோரின் ஆய்வில், நெருங்கிய நண்பரோ வாழ்க்கைத் துணையோ பக்கத்தில் இருக்கக் கேட்டவர்கள், தனியாகக் கேட்டதைவிட உணர்ச்சி ஆழமாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆய்வாளர் எடுத்துப் போட்ட பாட்டைவிடத் தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டு அவர்களை அதிகம் அசைத்தது.

இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. பதின்மூன்று பேருக்கு நடுவில் உட்காரும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதிலும் கொஞ்சம் மனம் போகும். மனத்துக்கு நெருங்கிய ஒருவரிடம் அந்தக் காவல் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. நமக்குப் பிடித்த பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுகிறோம். நம்மை உலுக்கிய அந்த வயலின் வரும் முன்பே அவர் முகத்தைப் பார்க்கிறோம். பாட்டுக்காக ஓர் எதிர்பார்ப்பு, அவருக்காக இன்னொன்று. சலிம்பூர் கண்ட அந்த முன்னோட்டம் அங்கே இரட்டிப்பாகிறது என்பது என் ஊகம்.

அப்படியானால் ஹெட்போன்தான் குற்றவாளியா? ஆக்ஸ்ஃபோர்டில் ப்ரோன்வின் டார், ராபின் டன்பர் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட சோதனையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஹெட்போன் மாட்டி ஆடவிட்டார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது, கூட ஆடியவர்கள்மேல் ஒட்டுதலும் கூடியது. வலி தாங்கும் திறன் உடலே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபினுக்கு மறைமுகமான அளவுகோல். பாட்டு காதுக்குள் எந்த வழியாகப் போனாலும், உடம்புகள் சேர்ந்து அசைந்தால் பலன் கிடைக்கிறது.

கர்நாடக சங்கீத ரசிகர்கள் இதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுகூடக் கிடையாது. தொடையில் தாளம் போடுவார்கள். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். வீட்டில், மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் தாளம் போடச் சொல்லிப் பாருங்கள். மிருதங்கம் எங்கெங்கோ சுற்றும், பிள்ளையின் கணக்குத் தப்பும், உங்கள் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். முத்தாய்ப்பான கோர்வை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேரும்போது கணக்குச் சரியாக வந்ததா என்று இருவருக்குமே தெரிந்துவிடும்.