மீண்டும் வரும் அக்கி

ஓசூர் எல்லைப் பகுதியில் இந்நோய்க்குத் தமிழில் அக்கி என்றும் கன்னடத்தில் சர்ப்பசுத்து என்றும் பெயர். பாம்பு இடுப்பைச் சுற்றி, தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகும் என்பார்கள். அது வீண் பயம். முன்பு வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி குறையும்போது வெளிவருகிறது. அதனால்தான் கொப்புளம் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றுகிறது.

குயவரிடம் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது நம் வழக்கம். மண் குளிர்ச்சி தரலாம்; கிருமியை அடக்காது. அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே நல்லது. சிப்காட் தொழிலாளி, "ஷிப்ட் போய்விடுமே" என்று தள்ளிப்போடுவதும் இதே மூன்று நாட்களைத்தான். தாமதித்தால் பாதிப்பு கூடலாம். புண் ஆறிய பிறகும் சிலருக்கு எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும். கண்ணருகே வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அது சாபம் அல்ல. அடிக்கடி வந்தால், எதிர்ப்பு சக்தி ஏன் குறைகிறது என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். 50 வயது கடந்தவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசியும் இந்தியாவில் உண்டு.

அன்பர்களே, பக்கத்து அறையில் ஒருவர் சட்டை உரசினாலே துடிக்கிறாரா? ஒதுக்காதீர்கள். கொப்புளத்தைத் துணியால் மூடச் சொல்லுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் விலகியிருக்கட்டும். இன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.