எறிந்துவிடும் அந்தச் சின்னப் பை

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலருக்கு அடுத்த வேலை புறக்கோட்டையில் இருக்கும். செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி, பிரதான வீதி நெரிசலுக்குள் புகுந்து வெளியே வந்தால், இலத்திரனியல் சாமான்களுக்குப் பேர்போன முதலாம் குறுக்குத் தெரு. கண்ணாடி அலுமாரிகளில் வெள்ளையும் கறுப்புமாக இயர்பட்ஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

"நானா, காதுல போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்கிறாள் கம்பஸ் போகிற பெண்ணொருத்தி.

"சீல் உடைச்சா எடுத்துத்தான் ஆகணும் தங்கச்சி, காதுச் சாமானாச்சே. ஆனா பயப்படாதீங்க, அம்பது மணித்தியாலம் சார்ஜ் நிக்கும்."

அவள் கேட்டது காதைப் பற்றி. கிடைத்த பதில் சார்ஜைப் பற்றி. மலிவு இயர்பட்ஸ் வியாபாரம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்களில் ஒன்றுகூட, அரை மணித்தியாலம் கழித்துக் காது வலிக்குமா என்பதைச் சொல்வதில்லை. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் காதில் போட்டுக் கழற்றியதை இன்னொருவருக்கு எப்படி விற்பது?

வயரில்லாத இயர்பட்ஸை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஆப்பிளின் ஏர்பொட்ஸ். 2016 செப்டெம்பரில் அறிமுகமானபோது விலை 159 டொலர். இரண்டரை ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில் ஷாவ்மி நிறுவனம் ரெட்மி ஏர்டொட்ஸை சீனாவில் 99.9 யுவானுக்கு இறக்கியது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 15 டொலர். பத்தில் ஒரு பங்கு விலை. அதன் பின்னால் ஐ12, எஃப்9 என்ற பெயர்களில், எந்தக் கம்பெனி செய்தது என்றே தெரியாத சாமான்களும் வந்து குவிந்தன. இலங்கையிலோ 'மலிவு' என்ற சொல்லே இடையில் ஆட்டம் கண்டுவிட்டது: 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. அதனால்தான் மலிவான ஒன்றை வாங்குகிறவரும் இன்று யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் காது. பெரியவர்களின் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். நேரான குழாயல்ல, லேசாக வளைந்து போகும். வாசலும் வட்டமல்ல, முட்டை வடிவம். வாயைத் திறந்து மூடும்போது தாடை மூட்டு அசைந்து குழாயின் வடிவமும் சற்று மாறும். கடலை கொறிக்கும்போது இயர்பட் கழன்று விழுவது அதனால்தான். ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இப்படியிருக்க, "எல்லாருக்கும் சரியா வரும்" என்று விற்கும் சாமானை எந்தக் காது நம்பும்?

வலி இரண்டு இடத்தில் வரும். ஒன்று, இயர்பட்டின் ரப்பர் முனை காதுக்குழாய்க்குள் அழுத்தும் இடம். மற்றது பலர் கவனிக்காதது: காதுமடலின் நடுவே கிண்ணம் போலிருக்கும் குழி. இயர்பட்டின் உடம்பு உட்காருவது அங்கேதான். உடம்பு பெரிதாக இருந்தால் குழியின் ஓரத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் '13 மில்லிமீற்றர் ஸ்பீக்கர்' இங்கேதான் காலை வாருகிறது. பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய உடம்பு வேண்டும்; சின்னக் காதுக்காரருக்கு அது வேண்டாத எண். ரெட்மி ஏர்டொட்ஸுக்குள் இருந்தது 7.2 மில்லிமீற்றர்தான், ஒன்றின் எடை 4.1 கிராம். இணையத்தில் விவரம் பார்த்து வாங்குகிறவர் மணித்தியாலக் கணக்கை விட்டுவிட்டு இந்த எடையைத் தேட வேண்டும். நாலு, ஐந்து கிராமுக்குள் இருப்பது நல்லது.

அடுத்தது, ரப்பர் உள்ளதா இல்லாததா என்ற கேள்வி. ரப்பர் இல்லாமல் காதுமடலில் தொங்குவது பலருக்குச் சுகம். காது அடைக்காது, புழுக்கமும் குறைவு. ஆனால் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தையைக் கடந்து பாருங்கள். எஞ்சின் இரைச்சலும் ஹோர்னும் அந்த இடைவெளியால் நேரே உள்ளே வரும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் நாலே நாலு மணித்தியாலம். காலையும் மாலையும் முக்கால் மணித்தியாலம் பஸ்ஸில் போகிறவருக்கு அந்த நாலு மணித்தியாலம் புதன்கிழமை தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

ரப்பர் வகை வெளிச்சத்தத்தை அடைக்கும். அளவு சரியாக இருந்தால் மட்டும். தளர்வாக இருந்தால் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் தொப்பியும் பாஸும்தான். "சத்தம் தகரம் மாதிரி இருக்கு" என்று திட்டு வாங்கும் இயர்பட்ஸ் பலவற்றில் சாமானில் பிழை இருக்காது, ரப்பர்தான் ஒரு அளவு சிறிதாக இருக்கும். ரப்பரே இல்லாமல் தொடங்கிய ஆப்பிள்கூட, 2019 ஒக்டோபரில் ஏர்பொட்ஸ் புரோவை விட்டபோது மூன்று அளவு ரப்பர் வைத்துத்தான் விட்டது. ஐ12 போன்ற நகல்களின் வினையும் இதிலிருந்து புரியும்: அவை காதைப் பார்த்துச் செய்தவை அல்ல, ஏர்பொட்ஸைப் பார்த்துச் செய்தவை.

மிச்ச எண்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐம்பது மணித்தியாலம் என்பது பெட்டியிலுள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. காதில் ஒரே மூச்சில் ஐந்தாறு மணித்தியாலம் ஓடினால் மலிவு விலைக்கு அது தாராளம். ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வையும் தூறலும் தாங்கும், வாளித் தண்ணீரில் விழுந்தால் பொறுப்பில்லை. ஈஎன்சி என்று பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். அது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சலைக் குறைக்கும் வித்தை. உங்கள் காதுக்கு அமைதி தருவது ஏஎன்சி. இரண்டுக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.

கொழும்பின் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரமும் சூடும் அடைபட்ட காதில் பூஞ்சை வளர்வது வெப்ப நாடுகளில் சாதாரணம். ரப்பரைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பதும், நடுநடுவே காதுக்குக் காற்று விடுவதும், அந்த இயர்பட்ஸை வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போடாமல் இருப்பதும் அதற்காகத்தான்.

பற்றுச்சீட்டு வாங்காமல் வருவது நம் ஊர் வழக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுக்கத்தான் வேண்டும். வொரன்டி வாயால் சொன்னால் போதாது. அந்தத் துண்டில் எழுதி வாங்க வேண்டும். ஒரு பக்கம் தொலைந்தாலோ செத்தாலோ, இந்த விலைச் சாமானில் தனி ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்தப் பெண் கடைசியில் ஒன்று வாங்கினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே பெட்டியைப் பிரித்தாள். இடது பக்கம் நிற்கவில்லை, தலையை ஆட்டினால் விழுந்தது. வெளியே வீசப் போன பெட்டியின் அடியில், சார்ஜர் வயருக்குக் கீழே, ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பை: எஸ் ஒரு சோடி, எல் ஒரு சோடி. இடதுக்கு எஸ் மாட்டினாள், வலதில் எம் இருந்தபடியே இருந்தது. பலர் இந்தப் பையைத் திறக்காமலே எறிந்துவிட்டு, பிறகு ரப்பர் தேடி மறுபடி குறுக்குத் தெருவுக்கு வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் பழைய ரப்பரையும் இயர்பட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும். ரப்பர் மாட்டும் மூக்கு முட்டை வடிவமாக உள்ளதில் வட்ட ரப்பர் ஒழுங்காகப் பொருந்தாது.