பத்திரம் வைத்துப் பறக்கலாமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது அந்த வீடு. தாத்தா காலத்தில் கூடத்தில் தறி ஓடியது. இப்போது அந்த இடத்தில் இரண்டு பைக் நிற்கிறது. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். 2024 டிசம்பரில் லாசுப்பேட்டை விமான நிலையத்துக்கு மறுபடி விமானம் வரத் தொடங்கியதிலிருந்து, சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறான்.

மேசை மேல் இரண்டு காகிதங்கள். ஒன்று மூன்று வருட ஏவியேஷன் பட்டப்படிப்புக்கான விளம்பரத்தாள். இன்னொன்று அப்பா கைப்பட எழுதிய கணக்கு. அதன் கடைசி வரியில் ‘வீட்டுப் பத்திரம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

“பத்திரத்த வெச்சா பேங்க்ல முழுசா குடுப்பாங்களாம் தம்பி. இவன் சம்பாதிச்சு மீட்டுடுவான் இல்ல?” என்று என்னிடம் கேட்டார் அம்மா.

விளம்பரத்தாளின் அட்டையில் சீருடை போட்ட பைலட் படம். ஆனால் அந்த பிபிஏ, பிஎஸ்சி பட்டம் யாரையும் பைலட் ஆக்காது. அதை முடித்தவருக்குக் கிடைப்பது செக்-இன் கவுன்ட்டர், சரக்குப் பிரிவு, தரைப்பணி வேலைகள். மூன்று வருடக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு என்று லட்சங்களைக் கட்டிவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் சம்பளம் பெரும்பாலும் மாதம் இருபதாயிரத்தைச் சுற்றித்தான். பைலட் ஆவதற்கு, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தருகிற சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வுகள் தேற வேண்டும். பட்டம் கட்டாயமே இல்லை. இது தெரியாமலேயே பல வீடுகளில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

அந்த 200 மணி நேரத்தின் விலைதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. மத்திய அரசின் பயிற்சி அகாடமியிலேயே 45 லட்சத்தைத் தொடும். தனியாரில் இன்னும் மேலே போகும். அதன் பிறகு ஏர்பஸ்ஸோ ஏடிஆரோ ஓட்ட, அந்த ரக விமானத்துக்கென்று டைப் ரேட்டிங் என்கிற தகுதி, அதற்குத் தனியாகப் பல லட்சம். சொத்து ஈடு இல்லாத கல்விக்கடன் பொதுவாக ஏழரை லட்சத்தோடு நின்றுவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கான சொல்தா பென்ஷன் வருகிற வீடாக இருந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். மற்றவர்கள் பத்திரத்துக்காகப் பீரோவைத்தான் திறக்க வேண்டும்.

அப்பாவின் காகிதத்திலேயே கணக்குப் போட்டோம். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை 69 ஆயிரத்துக்குப் பக்கம். இரண்டு வருடம் தவணை கட்டாமல் தள்ளிப்போட்டால் அந்த வட்டி 11 லட்சமும் அசலோடு சேர்ந்து, தவணை 84 ஆயிரம் ஆகிவிடும். முதல் விமானி வேலை கிடைத்த மாதத்திலிருந்து இதைக் கட்டிவிடலாம். அந்த மாதம் எப்போது வரும் என்பதற்குத்தான் காகிதத்தில் இடமில்லை.

உரிமம் வாங்கியவன் வேலைக்காகச் சும்மா காத்திருக்கவும் முடியாது. முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான ஐஆர் தகுதிக்கும் ஆயுள் ஒரு வருடம்தான். அதைப் புதுப்பிக்க மறுபடி விமானத்தில் ஏற வேண்டும், மறுபடி பணம். 2012, 2019, 2023 என்று இந்த நாட்டில் பெரிய விமான நிறுவனங்கள் நின்றுபோன வருடங்களில், அனுபவமுள்ள விமானிகளே தெருவுக்கு வந்தார்கள். புதிதாக உரிமம் வாங்கியவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றார்கள். வேலை நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

2023-ல் இரண்டே நிறுவனங்கள் சேர்ந்து 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன, கேப்டன் ஆனால் மாதம் பல லட்சம் என்கிறார்கள் துறையில் இருப்பவர்கள். இருக்கலாம். ஆனால் கேப்டன் நாற்காலிக்குப் போகப் பல வருடமும் ஆயிரக்கணக்கான பறப்பு மணியும் வேண்டும். தவணையோ அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வந்துவிடும்.

விமானத்தின் மீது ஆசை என்றால் ஏஎம்இ என்கிற பராமரிப்புப் பொறியாளர் படிப்பும் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு பைலட் செலவில் ஒரு சிறு பங்கு. அந்த உரிமமும் எளிதில் வராது, வருடங்கள் பிடிக்கும். ஆனாலும் வீட்டை ஈடு வைக்கிற அளவுக்குப் போகாது. இதைச் சொன்னபோது பையன் முகம் வாடிவிட்டது.

கடைசியில் ஒன்று மட்டும் முடிவானது. யாருக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. கண், காது, நிறம் பிரித்தறிவது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். அதற்குச் சில ஆயிரம்தான் ஆகும். நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு.

அதற்காக அடுத்த வாரம் அப்பாவும் மகனும் சென்னைக்குப் போகிறார்கள். அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.