ஐயப்பன்தாங்கல் பக்கத்துல ஒரு குன்று ஊர்: குன்றத்தூரில் அப்படி என்ன இருக்கு?

இத்தாலியின் சான் ஜிமிஞானோ ஊரை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. குன்றின் மேல் குட்டி ஊர், நடுவே உயர உயரமாகக் கல் கோபுரங்கள். ஒருகாலத்தில் 72 இருந்தன, மிச்சம் 14. அந்த ஊர் 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. விசா கிடைக்கும்போது போய்க்கலாம். இந்த ஞாயிறு ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து கிளம்பி, குமணன்சாவடியில் திரும்பி மாங்காடு தாண்டுங்க. சுமார் 10 கி.மீ.யில் குன்றத்தூர்.

84 படி ஏறினால் முருகன் கோயில். வண்டிப் பாதையும் இருக்கு, ஆனா படியில் ஏறுவதுதான் அழகு. கருவறைக்கு ஒரு பக்கம் நின்றால் முருகனோடு வள்ளி தெரிவார். மறுபக்கம் வந்தால் தெய்வானை. மூவரையும் சேர்த்துப் பார்க்க முடியாது! வெளியே வந்தால் மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்காலத்தில் '24 அடியில் எத்தனை அடி?' என்று போனில் தேடுவோமே, அதே ஏரிதான்.

கீழே இறங்கினால் இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாகணும். 63 நாயன்மார்களின் கதையான பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்தது இங்கேதான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கச் சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணம் பக்கம் உள்ள திருநாகேஸ்வரம் அவருக்கு உயிர். அடிக்கடி அங்கே போக முடியுமா? அதே பெயரில் சொந்த ஊரிலேயே ஒரு கோயில் எழுப்பிவிட்டார். இன்று ராகு பரிகாரத்துக்கு வரும் பலருக்கு அது அமைச்சர் கட்டிய கோயில் என்பதே தெரியாது.

சோழருக்கும் ரொம்ப முந்தைய வரலாறு மண்ணுக்கு அடியில் இருக்கு. இந்த வட்டாரத்தில் பெருங்கற்காலப் புதைவிடங்கள் உண்டு. 1950-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. வட்டமாகக் கற்களை அடுக்கி, நடுவே இறந்தவர்களைப் புதைத்த இடங்கள். கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்காததால், விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் கல் குவியல். ஜேசிபிக்கு அரை மணி நேர வேலை.

இந்தப் பக்கம் மனை வாங்குற ஐடியா இருந்தா ஒரு விஷயம்: மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுடுங்க, புரோக்கர் சொல்ல மாட்டார்.