ஊர்ச் சோறு – 11: வயலுக்குக் காவல் இருக்கிறது, சந்தைக்கு?

ஆரியசாலை முக்கிலிருந்து கிழக்கேகோட்டையைப் பார்த்து, சாலைக் கம்போளம் என்னும் சந்தை வழியே நடந்தால், கேரளத் தலைநகரம் எதைச் சாப்பிடுகிறது என்பது கடைக்குக் கடை தெரிந்துவிடும். தக்காளி, கத்தரி, முருங்கை, சின்ன வெங்காயம் பெரும்பாலும் தமிழ்நாட்டு லாரியில் வந்தவை. பூக்கடையில் பிச்சியும் அரளியும் தோவாளைச் சரக்கு. அரிசிக் கடையில், சாக்கின்மேல் செருகிய அட்டையில் ‘ஜயா’ என்றிருந்தால் ஆந்திரம். 2022-ல் ஆந்திர விவசாயிகள் ஜயா நெல்லைக் குறைத்துக்கொண்டதும் இங்கே விலை ஏறியது. கேரள உணவு அமைச்சர் ஆந்திர அமைச்சரோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. கோதாவரிக் கரையில் ஒருவர் எந்த விதையை நாற்றங்காலில் போடுகிறார் என்பது ஆரியசாலைச் சமையலறையில் தெரிகிறது.

எப்போதும் இப்படி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் இந்தக் கம்போளத்தை ஏற்படுத்திய காலத்தில், திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளைந்த நெல் மாட்டு வண்டியில் ஏறினால், போய்ச் சேருகிற பெரிய சந்தைகளில் இது ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு போனது. கோடு மொழியைப் பார்த்துப் போடப்பட்டது. நெல்லை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. களஞ்சியத்தைப் பெற்றுக்கொண்ட தமிழ்நாடாவது அதைக் காப்பாற்றியதா என்றால், நாகர்கோவிலைச் சுற்றிய வயல் ஏலாக்களில் நட்டிருக்கும் மனைக் கற்களே பதில்.

கேரளத்துக்குள் நடந்தது இன்னும் வேகமான சரிவு. 1974–75-ல் அந்த மாநிலத்தில் நெல் விளைந்த பரப்பு சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். நாற்பது ஆண்டுகள் கழித்து 2 லட்சத்துக்கும் கீழே. முதலில் தென்னையும் வாழையும் வயலுக்குள் இறங்கின. பிறகு வளைகுடாப் பணத்தில் வீடுகள் எழுந்தன. கூலி ஏறி, நெல் விலை ஏறாதபோது, வயலை நிரப்பி விற்பதே கெட்டிக்காரத்தனம் என்று ஆயிற்று. தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1967-லேயே நிலப் பயன்பாட்டு உத்தரவு ஒன்று இருந்தது. ஆனால் அதை வைத்து மண் லாரியை நிறுத்தியவர்கள் குறைவு.

இந்தத் தொடர் தேடிக்கொண்டிருக்கும் ‘உள்ளூர் ஆட்சி’ உள்ளே வருவது 2008-ல். நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வயலைக் காக்கும் வேலையை அது ஆட்சியர் அலுவலகத்தோடு நிறுத்தாமல் ஊருக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் கண்காணிப்புக் குழு. தலைவர், ஊராட்சித் தலைவரோ நகராட்சித் தலைவரோ மேயரோ. கூட்டுநர், கிருஷி பவன் என்னும் அரசு வேளாண் அலுவலகத்தின் வேளாண் அலுவலர். கிராம அலுவலர் ஓர் உறுப்பினர். கூடவே விவசாயிகளின் பிரதிநிதிகள் மூன்று பேர். இந்தக் குழுதான் ஊரில் எது வயல், எது ஈரநிலம் என்று சர்வே எண் வாரியாகப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலுக்கு அங்கே ‘டேட்டா பேங்க்’ என்றே பெயர். அதில் ஏறிவிட்ட நிலத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால், சொந்தமாக வேறு இடமில்லாதவருக்கு மட்டும், ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட்.

படிக்க எளிது. நடைமுறையில், ஒரு நிலத்தின் தலையெழுத்து ஒரே கேள்வியில் தொங்குகிறது: 2008 ஆகஸ்ட் 12 அன்று அது நெல் விளையத் தக்கதாக இருந்ததா? வேளாண் அலுவலர் அதை இன்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தென்னையின் வயதைப் பார்க்கிறார். பத்து வருஷத் தென்னையா, முப்பது வருஷத் தென்னையா? வாய்க்கால் இன்னும் ஓடுகிறதா, பக்கத்து நிலத்தைவிட எத்தனை அடி தாழ்வு, மழைக்கு நீர் நிற்கிறதா? சந்தேகம் தீராவிட்டால் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொலையுணர்வு மையத்துக்கு எழுதி, 2008-ன் செயற்கைக்கோள் படத்தை வரவழைத்து ஒப்பிடுகிறார். கிராம அளவிலான ஓர் அலுவலர் இப்படி ஒரு வயலின் பூர்வீகத்தைத் துப்பறிகிறார்.

அதே அலுவலருக்கு விதை வழங்குவது, மானியப் பட்டியல், பயிர்ச் சேதக் கணக்கு, ஊராட்சித் திட்டக் கூட்டம் என்று ஏற்கெனவே கழுத்துவரை வேலை. கேரளம் 1987-ல் ஊர்தோறும் கிருஷி பவன்களைத் திறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அவற்றை உள்ளாட்சியின்கீழ் கொண்டுவந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போனது. தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் ஒருவர் இதைக் கேட்டால் பெருமூச்சுதான் விடுவார். பணமும் அலுவலரும் சட்டமும் ஒரே கூரையின்கீழ்! ஆனால் டேட்டா பேங்க் தயாரிப்பு பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வந்த பட்டியல்களிலும் வீடு நிற்கும் இடம் வயலென்றும், நீர் நிற்கும் வயல் விடுபட்டும் குளறுபடிகள். கட்டட அனுமதி தருவதும் வயலைக் காப்பதும் ஒரே உள்ளாட்சி என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஊரில் யாருடைய வீட்டு விண்ணப்பத்தை மறுத்தாலும் அடுத்த தேர்தலில் அந்த வீட்டு ஓட்டுகளைக் கேட்டு நிற்க வேண்டியவர்தான் குழுவின் தலைவர்.

2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. டேட்டா பேங்கில் ஏறாத, ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் இன்னும் ‘நிலம்’ (அதாவது நெல்வயல்) என்றே கிடக்கும் இடங்களை, கட்டணம் கட்டி ‘புரயிடம்’ (கரை நிலம்) ஆக்கிக்கொள்ளலாம். முடிவெடுப்பவர் வருவாய்க் கோட்ட அலுவலர். 2021-ல் 25 சென்ட்வரை கட்டணம் இல்லை என்றார்கள். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. கோட்ட அலுவலர்களால் ஈடுகொடுக்க முடியாமல், துணை ஆட்சியர்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க இன்னொரு திருத்தம் வந்தது. மூன்று சென்ட் வீட்டுக்கு அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் விடுதலை பெற்றது நியாயம். அதே வாசல் வழியாக இடைத்தரகர்களும் நுழைந்தார்கள். பொதுத் தேவை என்றால் அரசு தானே விலக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு முதல் நாளிலிருந்தே சட்டத்தில் உண்டு. கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் 2017–18-ல் ‘வயற்கிளிகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு புறவழிச்சாலைக்கு எதிராகப் போராடியவர்கள் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

திருவனந்தபுரம் நகரசபை 2010-ல் ஸ்ரீகார்யம், கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஊராட்சிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த ஊர்களில் மிச்சமிருந்த வயல்களும் ஈரநிலங்களும் நகரத்தின் பொறுப்பாயின. அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது 2023 அக்டோபரில் தெரிந்தது. ஒரே இரவு மழையில் தெற்றியாறு கரை கடந்து டெக்னோபார்க் வட்டாரம் மூழ்கியது. தண்ணீர் தேங்கி வடிய இருந்த தாழ்ந்த நிலங்களை மேடாக்கினால், தண்ணீர் கட்டடங்களுக்குள்தான் போகும். மறுபுறம், வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரியில் இன்னும் பசுமை மிச்சமிருக்கிறது. ஆரியசாலையிலிருந்து ஆட்டோவில் போய்வரக்கூடிய தூரத்தில் நெல்லும் தாமரையும் நீர்ப்பறவையும். நகரத்துக்காரர்கள் அங்கே பெரும்பாலும் படம் எடுக்கத்தான் போகிறார்கள்.

வயலைக் காப்பது வேறு, உழ வைப்பது வேறு. தரிசாகப் போட்ட வயலை ஊராட்சி வழியாகப் பிறருக்குச் சாகுபடிக்குக் கொடுக்கவும் 2008 சட்டம் இடம் தருகிறது. 2020-ல் கேரளம், வயலை வயலாகவே வைத்திருக்கும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ‘ராயல்டி’ கொடுக்கத் தொடங்கியது. நெல்வயல் நீரைத் தேக்குகிறது, நிலத்தடியை நிரப்புகிறது, அதற்கு ஊர் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. தொகை? மனை விலைக்கு முன்னால் அது வெற்றிலைபாக்குக் காசு.

இதைவிடச் சங்கடமான இடம் குத்தகை. நிலச் சீர்திருத்தத்தால் 1970 முதல் கேரளத்தில் புதிய குத்தகைக்குச் சட்டப்படி இடமில்லை. ஆனால் தரிசை மீட்டு நெல்லும் காய்கறியும் போடுகிறவர்களில் கேரளத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் கூட்டுப் பொறுப்புக் குழுப் பெண்கள் பல்லாயிரம் பேர். பெரும்பாலும் பிறர் நிலத்தில், வாய்மொழி ஏற்பாட்டில் உழைக்கிறவர்கள். ராயல்டி நிலத்துக்காரருக்கு. வெள்ளம் வந்தால் சேறு இவர்களுக்கு, காகிதமில்லாததால் இழப்பீட்டுக்கு அலைச்சலும் இவர்களுக்கு. நிலச் சீர்திருத்தத்தின் பெருமையைப் பேசும் மாநிலம், அந்தச் சீர்திருத்தத்தின் நிழலில் நிற்கும் இந்தப் பெண்களுக்குப் பட்டா வேண்டாம், ஒரு பருவத்துக்கான சாகுபடிச் சீட்டாவது கொடுக்கலாம்.

எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆலப்புழை மாவட்டத்துக் கஞ்ஞிக்குழி ஊராட்சி கடலோர மணல் பூமி. அங்கே காய்கறி விளையும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஊராட்சியே விதையும் எருவும் கொடுத்து வீட்டுக்கு வீடு காய்கறி போட வைத்தது. இன்று கஞ்ஞிக்குழிப் பயறு என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஊரின் சூட்சுமம் விதைப் பொட்டலத்தில் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டு விற்றுக் கொடுத்தார்கள். விளைந்தது வீட்டில் அழுகவில்லை.

விற்பனைதான் கேரளம் பலவீனமாக நிற்கும் இடம், அதனால்தான் இந்த வாரம் ஆரியசாலை. விளைபொருள் சந்தைக் குழுச் சட்டமே இல்லாத சில மாநிலங்களில் கேரளம் ஒன்று. ஐரோப்பிய உதவியோடு ஆனயறையிலும் நெடுமங்காட்டிலும் மொத்தச் சந்தைகள் கட்டினார்கள். வியாபாரம் சாலைக் கம்போளத்தை விட்டு நகரவில்லை. 2020 நவம்பர் 1-ல் நாட்டிலேயே முதன்முறையாகப் பதினாறு காய்கனிகளுக்கு அடிப்படை விலை அறிவித்தார்கள்: மரச்சீனிக்குக் கிலோ 12 ரூபாய், நேந்திரனுக்கு 30, அன்னாசிக்கு 15, தக்காளிக்கு 8. உற்பத்திச் செலவோடு இருபது விழுக்காடு சேர்த்துப் போட்ட கணக்கு. மறு ஆண்டு மழையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியதும் மாநிலம் தேடி ஓடியது தென்காசிக்கு. 2021 டிசம்பரில் கேரள அரசின் தோட்டக்கலை நிறுவனமான ஹார்ட்டிகார்ப் அந்த மாவட்டத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு நேரடிக் கொள்முதலுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆறு வருடங்களுக்கு முன் இதே தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து என்று இரு மாநில அதிகாரிகளும் கடிதத்தில் சண்டை போட்டிருந்தார்கள். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் 2013 முதல் சந்தைக் காய்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. பயமுறுத்தும் பேச்சைவிட, தொடர்ந்து வரும் அந்த அட்டவணைகளே கடைக்காரருக்கும் உழவருக்கும் உதவி.

ஓணத்தின்போது ஒன்று நடக்கிறது. கிருஷி பவன்கள் வழியாக விவசாயிகளிடம் சந்தை விலையைவிடப் பத்து விழுக்காடு கூட்டி வாங்கி, மக்களுக்கு முப்பது விழுக்காடு குறைத்து விற்கும் ஓணச் சந்தைகள். வரிசை நிற்கிறது, சரக்கு தீர்கிறது, நான்கு நாளில் கூடாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

ஆண்டு முழுவதும் அந்த அளவு மானியம் கட்டாது என்பது உண்மை. ஆனால் மானியம் இல்லாமலும் ஒரு நகரசபை கையில் வைத்திருக்கும் சொத்து, இடம். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ல் தொடங்கிய உழவர் சந்தை அதைத்தான் செய்தது: அடையாள அட்டை உள்ள விவசாயிக்கு வாடகையில்லாத கடை, இலவசத் தராசு, வாசலில் அன்றைய விலைப் பலகை. நாகர்கோவில் வடசேரியிலும் ஒன்று இருக்கிறது. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே நகரம் 1993 முதல் இன்னொரு வழி பிடித்தது. நல்ல இடத்தில் நகராட்சிக் கடை வேண்டுமா, சுமார் இருபது காய்கனிகளை நகராட்சி சொல்லும் விலைக்கு விற்க வேண்டும். ஏழைகள் வாழும் புறநகருக்கும் வண்டி கொண்டுபோக வேண்டும். திருவனந்தபுரம் பாளயத்தில் உள்ள கன்னிமாரா சந்தை நகரசபையின் சொத்து. அதைப் புதுப்பிக்கும் திட்டத்தில் மாடிகள், வாகன நிறுத்தம் பற்றி நிறையப் பேச்சு உண்டு. பக்கத்துக் கல்லியூர் விவசாயி தன் வெண்டைக்காயை வைக்க ஒரு மேசை எந்தத் தளத்தில் என்ற கேள்வியை உறுப்பினர்கள் அவையில் கேட்கலாம். கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

விற்காத காய் எங்கே போகிறது என்பது இந்தக் கதையின் மறுபாதி. 2000 முதல் நகரத்தின் குப்பை விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போனது. 2011 டிசம்பரில் அந்தச் சிற்றூராட்சி ஆலையின் கதவைப் பூட்டி, தலைநகரத்தின் லாரிகளைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பூட்டிலிருந்து அடுத்த வாரம்.