வெண்புரைச் சத்திரசிகிச்சையும் மாத்திரைப் பையும்

கண்மணிக்குப் பின்னேயிருந்து ஒளியை விழித்திரையில் குவிக்கும் தெளிந்த வில்லை, பெரும்பாலும் முதுமையினால் மங்கிப்போவதையே வெண்புரை என்கிறோம். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்லும் முதியோர் பலர், மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவதைக் கண்ணோடு மட்டும் முடியும் காரியமாகவே எண்ணுகின்றனர். ஆனால் அவர்களது சீனி வருத்தமும் குருதி அமுக்கமும் அன்றாட மாத்திரைகளும் கூடவே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் செல்கின்றன.

இவற்றுள் முதன்மையானது நீரிழிவு. குருதியில் சீனி மிகும்போது வில்லைக்குள் புகும் குளுக்கோசில் ஒரு பகுதி சோர்பிற்றோல் என்னும் பொருளாக மாறித் தேங்கி நீரை உள்ளிழுப்பதால், வில்லை வீங்கிக் கண்ணாடியின் இலக்கமே மாறுவதோடு, வெண்புரையும் உரிய வயதுக்கு முன்பே தோன்றுகிறது. விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால், வில்லை மாற்றிய பின்னர் நடுப்பார்வைக்குரிய பகுதியில் நீர் கோத்து, எதிர்பார்த்த தெளிவு கிடைக்காமற் போகலாம். ஆதலால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் முன்னரே நடைபெறுதல் நன்று. திகதி கிடைத்த பின் பட்டினி கிடந்து ஓரிரு வாரத்தில் சீனியைத் தடாலெனக் குறைக்க முயல்வது தவறு. திடீர் இறக்கம் சிலருக்கு விழித்திரை நோயை மோசமாக்குவதும் உண்டு.

பலரும் சொல்ல மறக்கும் மருந்து ஒன்றுண்டு. புரஸ்தகோளம் வீங்கிச் சிறுநீர் தடைப்படும் ஆண்களுக்கு வழங்கப்படும் தம்சுலோசின், கண்மணியைச் சூழ்ந்த கருவிழித்திரையைத் தளர்த்துவதால், சத்திரசிகிச்சையின் நடுவே அது துவண்டு அசைய, கண்மணி சுருங்கிவிடுகிறது. 2005இல் மருத்துவ இதழொன்றில் விவரிக்கப்பட்ட இந்நிலை, மாத்திரையை நிறுத்திப் பல காலம் கழிந்த பின்னும் தோன்றக்கூடியது. எனவே நிறுத்துவதால் பெரும் பயனில்லை, சொல்வதாலேயே பயன். அறிந்த வைத்தியர் கண்மணியை விரித்துப் பிடிக்கும் சிறு வளையங்களை ஆயத்தமாக வைத்திருப்பார். அஸ்பிரின், வோபரின் போன்ற குருதி உறைவைத் தடுக்கும் மருந்துகளையும் தாமாக நிறுத்தலாகாது. சொட்டு மருந்தால் மட்டும் விறைக்கச் செய்யும்போது அவை பெரும்பாலும் தடையாவதில்லை, நிறுத்தினாலோ பக்கவாத ஆபத்து நேரும்.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்று 2000இல் வெளியான பெரிய ஆய்வொன்று, ஏறத்தாழ 19,000 வெண்புரைச் சத்திரசிகிச்சைகளை ஒப்பிட்டு, எல்லோருக்கும் வழமையாக இருதய, குருதிப் பரிசோதனைகள் செய்வதால் பாதுகாப்புக் கூடவில்லை எனக் கண்டது. ஆகவே பணம் கொடுத்துப் பெறும் நீண்ட அறிக்கைக் கட்டைவிட, கிளினிக் கொப்பியும், பாமசியில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளும் அடங்கிய பையுமே வைத்தியருக்கு அதிகம் உதவும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவோரும் ஓயாது இருமுவோரும் அதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். கத்தி கண்ணிலிருக்கையில் ஓர் இருமலும் ஆபத்தே.

சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் நீரிழிவாளருக்குத் தொற்றின் அபாயம் சற்றுக் கூடுதலாதலால், வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.